அடுத்த புத்தகம் எது? மலைக்கூட்டத்துக்கான தேர்வு: விவாத இழை

ஐந்துரோடு (இழையைத் தொடங்கியவர்)

நம்ம சேலம் வாசிப்புக் குழு பன்னிரண்டு பேரோட அடுத்த கூட்டம் ஏற்காட்டுல. தேதி புரட்டாசி ரெண்டாவது ஞாயிறு. ஆடியில வச்சா கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் பாதிப் பேர் வரமாட்டாங்க. ஆவணி முழுக்க முகூர்த்தம். கார்த்திகை பிறந்துட்டா மலையில காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாயிடும், மேல இருக்கிறவங்க தைப்பொங்கல் வரைக்கும் தலை நிமிர முடியாது. புரட்டாசியில கல்யாணம் கிடையாது. சனிக்கிழமை மட்டும் பெருமாளுக்கு, ஞாயிறு நமக்கு.

இன்னும் ஆறு வாரம் இருக்கு. புத்தகம் முடிவு பண்ண ஒரு வாரம், பிரதி வந்து சேர ஒரு வாரம், படிக்க நாலு வாரம்.

பரிந்துரைக்கு மூணே நிபந்தனை. முழுசாப் படிச்சவங்கதான் பரிந்துரைக்கணும், "நல்லாருக்குன்னு கேள்விப்பட்டேன்" செல்லாது. 350 பக்கத்துக்கு மேல போகக்கூடாது. பன்னிரண்டு பிரதி இப்ப அச்சுல கிடைக்கணும், இல்லைன்னா நாட்டுடைமை (அரசு உரிமை வாங்கிப் பொதுவாக்கினது) ஆனதா இருக்கணும். பேரைச் சொல்லும்போதே அதுல எதைப் பத்திச் சண்டை வரும்னும் ஒரு வரி எழுதுங்க. சண்டை வராத புத்தகத்துக்கு ரெண்டு மணி நேரம் தேவையில்ல.

குகைவாசி

என் ஓட்டு அசோகமித்திரனோட 'கரைந்த நிழல்கள்'. சின்ன நாவல், ரெண்டு ஞாயித்துக்கிழமையில முடிஞ்சிரும். சினிமா ஸ்டுடியோ, தயாரிப்பு நிர்வாகி, கடன் வாங்கிப் படம் எடுக்கிற முதலாளி, துணை நடிகை, இவங்களைப் பத்தின கதை. மலைக்குப் போற வழியில ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிக்குது. டி.ஆர். சுந்தரம் நூத்துக்கு மேல படம் எடுத்த இடம். 1950ல 'மந்திரி குமாரி'க்குக் கருணாநிதி வசனம் எழுதினதும் அங்கதான். அந்த வளைவைக் கடந்து மேல போய் இந்த நாவலைப் பேசினா பொருத்தமா இருக்கும்.

சண்டைக்கு விஷயம்: முதல் அத்தியாயத்துல நாம பின்தொடர்ற ஆள் பாதியில காணாமப் போயிருவார். அது ஆசிரியரோட திட்டமா, இல்ல கதை கைநழுவிப் போச்சா?

தறிநாடா

குகைவாசி அண்ணா, நல்ல தேர்வுதான். ஆனா வளைவு இருக்குங்கிறதுக்காக ஒரு புத்தகத்தை எடுத்தா, கூட்டத்துல பாதி நேரம் "எங்க தாத்தா அங்க லைட்பாயா இருந்தாரு"ன்னே போயிரும். நாவல் பக்கம் யாரும் வரமாட்டாங்க.

நான் சொல்றது தொ.மு.சி. ரகுநாதனோட 'பஞ்சும் பசியும்'. 1953ல வந்தது. நூல் விலை ஏறி, துணி தேங்கி, கைத்தறிக்காரங்க தெருவுக்கு வந்த கதை. களம் அம்பாசமுத்திரம் பக்கம், ஆனா நம்ம நெசவாளர் பகுதி அம்மாப்பேட்டையில யாருக்கும் அடிக்குறிப்பு தேவைப்படாது. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் தன் மொழிக்குக் கொண்டுபோன நாவல் அது.

சண்டை: கட்சிக்காரர் எழுதின நாவல் எந்த இடத்துல கதையா இருக்கு, எந்த இடத்துல மேடைப் பேச்சா ஆயிருது?

பழையபுத்தகம்

பிரதி விஷயத்தை முதல்லயே பேசிருவோம். தேர்வுகள் அங்கதான் கவிழும்.

ஒரு நாவலுக்கு ரெண்டு மூணு பதிப்பகத்தோட பதிப்பு சந்தையில இருக்கும். ஒருத்தர் கையில டெம்மி அளவு, இன்னொருத்தர் கையில கிரௌன் அளவு, மூணாவது ஆள் கைப்பேசியில மின்னூல். "87ஆம் பக்கத்தைப் பாருங்க"ன்னு ஒருத்தர் சொன்னா மத்த பதினோரு பேரும் பக்கத்தைப் புரட்டிக்கிட்டே இருப்பாங்க. அதனால எந்தப் புத்தகம் எடுத்தாலும் அத்தியாய எண், அந்தப் பத்தியோட முதல் நாலு சொல், இந்த ரெண்டையும் வச்சுத்தான் குறிப்பு எழுதணும். அத்தியாயத்துக்கு எண்ணே இல்லாத நாவல்னா கூட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் பென்சில்ல எண் போட்டுக்கணும்.

மொழிபெயர்ப்பு நூல்னா ஒரே மொழிபெயர்ப்பாளரோட பிரதியைத்தான் எல்லாரும் வாங்கணும். வேற வேற கை வந்தா உரையாடல் மொழியே மாறிரும். அப்புறம் பாத்திரத்தைப் பத்திப் பேசுறோமா மொழிபெயர்ப்பைப் பத்திப் பேசுறோமான்னு தெரியாது.

பன்னிரண்டு பிரதியை ஒரே ஆளா, பதிப்பகத்துக்கே நேரா எழுதி வாங்குங்க. கழிவு கேட்டா பெரும்பாலும் தருவாங்க. பார்சல் செலவும் ஒரு தடவையோட போயிரும். ஆளாளுக்கு இணையத்துல போட்டா ஒருத்தருக்கு மூணு நாள்ல வரும், இன்னொருத்தருக்கு "இருப்பு இல்லை"ன்னு பணம் திரும்பும். ஜெராக்ஸ் யோசனையை யாரும் எடுக்காதீங்க. ஆசிரியர் மறைஞ்சு 60 வருஷம் வரைக்கும் காப்புரிமை இருக்கு. நாட்டுடைமை ஆன நூலுக்கு அந்தத் தடை இல்ல, தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்துலயும் மதுரைத் திட்டம்ங்கிற இலவச மின்னூல் தளத்துலயும் தேடிப் பாருங்க. மலையில சிக்னலை நம்பாம முன்னாடியே இறக்கி வச்சிக்கணும்.

மிளகுக்கொடி

மலை மேல கூட்டம்னா மலையைப் பத்திப் படிக்கலாமே. 'எரியும் பனிக்காடு' எடுங்க. பி.எச். டேனியல் 1969ல 'ரெட் டீ'ன்னு ஆங்கிலத்துல எழுதினது. தமிழாக்கம் இரா. முருகவேள். டேனியல் ஆனைமலைத் தோட்டங்கள்ல மருத்துவரா இருந்தவர். அதனால மலேரியா, குளிர், அட்டைக்கடி, பிரசவம் எல்லாம் கேட்டு எழுதினதா இருக்காது, நாடி பிடிச்சுப் பார்த்து எழுதினதா இருக்கும்.

கதை 1920களோட பின்பாதி. திருநெல்வேலிச் சீமையில மழை பொய்ச்ச ஊர்ல இருந்து கருப்பனும் வள்ளியும், தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி கொடுக்கிற முன்பணத்தை வாங்கிட்டுத் தேயிலைக் காட்டுக்கு மலையேறுவாங்க. அந்த முன்பணம் எப்படிக் கழியவே கழியாத கடனாகுதுங்கிறதுதான் நாவல்.

சண்டை: மேஸ்திரியும் அதே சீமையில இருந்து வந்தவன். அவன் கெட்டவனா, இல்ல அந்த ஏற்பாட்டுல ஒரு கண்ணியா?

செவ்வாய்ப்பேட்டை

படம் பார்த்தவங்க எல்லாரும் புத்தகம் படிச்ச மாதிரியே பேசுவாங்களே. 2013ல வந்த 'பரதேசி' இதை வச்சு எடுத்ததுதானே? அந்த ஆளுங்களை எப்படிச் சமாளிக்கிறது?

மிளகுக்கொடி

அதுக்கு ஒரு எளிய வழி இருக்குங்க. கேள்விகளைப் படத்துல இல்லாத இடத்துல இருந்து எடுக்கணும். படத்துல மருத்துவர் வர்ற விதம் வேற, நாவல்ல டாக்டர் ஆபிரகாம் வர்ற விதம் வேற. நாவல்ல அவர் வந்த பிறகு பார்வையே மாறும். அதுவரைக்கும் கூலிக்காரன் கண்ணால பார்த்த தோட்டத்தைப் படிச்ச ஒருத்தர் கண்ணால பார்க்க ஆரம்பிக்கிறோம். அந்த மாற்றம் நாவலுக்கு பலமா பலவீனமான்னு முதல் கேள்வியை வச்சா, படம் மட்டும் பார்த்தவங்களுக்குப் பேச ஒண்ணும் இருக்காது. அவமானப்படுத்த வேண்டாம், அவங்களே டீ ஊத்தப் போயிருவாங்க.

தமிழாசிரியை

மிளகுக்கொடி சொல்வது சரியான கேள்வி. ஆனால் ஓர் எச்சரிக்கை. ஏற்காட்டில் அமர்ந்து ஆனைமலையின் வால்பாறையைப் படிக்கும்போது இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடக் கூடாது. காப்பியும் தேயிலையும் வேலை வாங்கும் முறையிலேயே வேறு வேறு.

தேயிலைக் கொழுந்தை ஏழு முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டும். அதனால் தோட்டத்துக்குள்ளேயே ஆள் குடியிருந்தாக வேண்டும். வரிசை வீடுகள், தோட்டக் கடை, தோட்ட மருத்துவமனை என்ற மூடிய உலகம் அப்படித்தான் உருவானது. காப்பி அப்படியல்ல. பங்குனி சித்திரையில் பூமழை பெய்து, பூத்து, ஐப்பசி கார்த்திகை முதல் தை வரை பழம். பறிப்புக் காலத்துக்கு நிறையக் கை வேண்டும், மற்ற மாதங்களில் கவாத்து, களை, நிழல்மரம் கழிப்பது என்று குறைந்த ஆளே போதும். வெளியிலிருந்து பருவத்துக்கு ஆள் வருவதும் போவதும் இங்கே அதிகம். ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் பெரிய எஸ்டேட்டுகளோடு மலையாளிப் பழங்குடியினரின் (கேரளத்தவர் அல்லர், இந்த மலைவாழ் மக்கள்) சிறு காப்பித் தோட்டங்களும் கலந்தே கிடக்கின்றன. 1820களில் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பி கொண்டுவந்த வரலாறு ஒரு கதை, ஆனைமலையில் காடழித்துத் தேயிலை போட்ட வரலாறு இன்னொரு கதை.

அதனால் "இங்கேயும் இப்படித்தான் நடந்தது" என்று யாராவது தொடங்கினால் எந்த ஆண்டு, எந்தப் பயிர் என்று உடனே கேட்க வேண்டும். 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாவலின் காலம் அதற்கு முந்தையது. வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவை சட்டப்படி முதலாளியின் கடமையானது அதற்குப் பிறகே. இந்த ஒரு தகவலைக் குறிப்பில் சேர்த்தாலே பாதி வாக்குவாதம் நேராகிவிடும்.

ஒண்டிக்கடை

டீச்சர் சொன்னதோட இன்னொண்ணு. 2025ல புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வர்ற வரைக்கும் இருந்த அந்தச் சட்டம் எல்லாத் தோட்டத்துக்கும் பொருந்தல. பின்னாடி வந்த திருத்தப்படி, அஞ்சு ஹெக்டேருக்குக் குறையாம, பதினஞ்சு பேருக்குக் குறையாம வேலை செஞ்ச இடத்துக்குத்தான் பொருந்துச்சு. நம்ம மலையில ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் காப்பி வச்சிருக்கிறவங்க அதுக்குள்ள வரல.

அப்புறம் யாரும் சொல்லாததை நான் சொல்லிடறேன். நம்ம குழுவுல எஸ்டேட் வச்சிருக்கிற குடும்பமும் இருக்கு, எஸ்டேட் லைன்ல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல, பிறந்து படிச்சு வந்தவங்களும் இருக்காங்க. ஒரே மேசையில உக்காந்து இந்த நாவலைப் பேசணும். முடியாதுன்னு சொல்லல. நடத்துறவர் தயாரா இருக்கணும்.

குகைவாசி

அதுக்குத்தான் சினிமா நாவல்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சிக்கிட்டே வீட்டுக்குப் போகலாம் :)

தறிநாடா

'கரைந்த நிழல்கள்' படிச்சிட்டு யாரு சிரிச்சாங்க?

கொங்குப்பேச்சு

தாமதமா வர்றேன், மன்னிக்கணும். பெருமாள்முருகனோட 'கூளமாதாரி'யைச் சேருங்க. 2000ல வந்தது. ஆட்டுப் பட்டியில அடிமையா விடப்பட்ட கூளையன், அவனோட வவுறி, நெடும்பன், மொண்டின்னு மத்த ஆட்டுக்காரப் பிள்ளைங்க. பண்ணைக்காரர் மகன் செல்வனும் இவங்ககூடவே விளையாடுவான், ஆனா அவன் வேற. களம் நாமக்கல் பக்கம், 1997 வரைக்கும் நம்ம மாவட்டம்தானே. பேச்சு நம்ம பேச்சு. சென்னைக்காரங்களுக்குச் சொல்லகராதி வேணும், நமக்கு வேண்டாம்.

சண்டை: பிள்ளைங்க விளையாட்டை அத்தனை பக்கத்துக்கு அழகா எழுதினது அந்தக் கொடுமையை மென்மையாக்குதா, கூர்மையாக்குதா?

செவ்வாய்ப்பேட்டை

மலைவாழ் மக்கள் கதைன்னா கு. சின்னப்ப பாரதியோட 'சங்கம்' இருக்கே. கொல்லிமலை. இங்க இருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்.

பழையபுத்தகம்

நல்ல நூல். ஆனா பன்னிரண்டு புதுப் பிரதி ஒரே நேரத்துல கிடைக்கும்னு உறுதி இல்லாம நான் கைதூக்க மாட்டேன். மாவட்ட மைய நூலகத்துல ஒண்ணு ரெண்டு இருந்தாலும் ஆளுக்குப் பதினஞ்சு நாள்னு சுத்தினா நாலு வாரத்துல நாலு பேர்தான் படிச்சிருப்பாங்க. அடுத்த வருஷப் பட்டியல்ல போட்டு இப்பவே பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டு வைப்போம்.

ராஜம் கிருஷ்ணனோட 'குறிஞ்சித்தேன்' நாட்டுடைமை ஆனது, அதனால பிரதிச் சிக்கல் இருக்காது. நீலகிரிப் படுகர் குடும்பத்தோட தலைமுறைக் கதை, தானியம் விளைஞ்ச நிலத்துல தேயிலை ஏறுற காலம். ஆனா இந்தக் கூட்டத்துக்கு வேண்டாம்னு நினைக்கிறேன். கூலிக்காரன் கதையும் நிலக்காரன் கதையும் ஒரே பட்டியல்ல வந்தா, ஓட்டு புத்தகத்துக்கு விழாது, யார் கட்சிங்கிறதுக்குத்தான் விழும்.

ஐந்துரோடு

ஓட்டு முறைக்கு வருவோம். ஆளுக்கு ஒரு ஓட்டு முறை வேண்டாம். காரணத்தைக் கணக்காவே சொல்றேன். பன்னிரண்டு பேர், நாலு புத்தகம், 5-4-2-1ன்னு விழுதுன்னு வைங்க. அஞ்சு ஓட்டு வாங்கினது ஜெயிச்சது. மீதி ஏழு பேர் அதைக் கையால தொடவும் தயாரா இல்லைன்னா? கூட்டத்துக்கு அஞ்சு பேர் படிச்சிட்டு வருவாங்க, ஏழு பேர் "வேலை ஜாஸ்தி"ன்னு வருவாங்க.

முதல், ரெண்டாவது, மூணாவதுன்னு 3-2-1 மதிப்பெண் போடுற முறையிலயும் ஓட்டை இருக்கு. தன் புத்தகம் ஜெயிக்கணும்னு, போட்டிக்கு நிக்கிறதை வேணும்னே கடைசியில தள்ளுவாங்க. படிச்சவங்க கூட்டம்தானே, தந்திரம் சொல்லிக் கொடுக்கணுமா?

அதனால கேள்வி ஒண்ணுதான்: "நாலு வாரத்துல எதையெல்லாம் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கத் தயார்?" எத்தனை வேணும்னாலும் குறிக்கலாம். அதிகம் குறி வாங்கினது ஜெயிக்கும். ரெண்டுக்கு ஒரே எண்ணிக்கை வந்தா பக்கம் குறைஞ்சது. பரிந்துரைச்சவர் தன் புத்தகத்துக்கும் குறி போடலாம், ஆனா அதைக் கூட்டத்துல நடத்துறவர் அவரா இருக்கக்கூடாது. தான் கொண்டுவந்த புத்தகத்தை நடத்துறவர் வக்கீலா மாறிருவார், ஒவ்வொரு குறைக்கும் பதில் சொல்லிக்கிட்டே இருப்பார்.

சீட்டு இல்லாம, பேர் போட்டு எனக்குத் தனிச்செய்தியில அனுப்புங்க. யார் எதைக் குறிச்சாங்கன்னு வெளிய வராது.

தமிழாசிரியை

ஓட்டு நடக்கட்டும். எது வந்தாலும் வாசிப்புத் திட்டம் ஒன்றே. 320 பக்க நாவல் என்று கொள்வோம். பழகிய வாசகர் மணிக்கு 25 முதல் 30 பக்கம் போவார். வட்டார வழக்கு கனத்துக் கிடந்தால் 20. ஆக மொத்தம் பதினொன்று முதல் பதினாறு மணி நேரம். நாலு வாரத்துக்குப் பிரித்தால் நாளுக்கு அரை மணி. "கடைசி வாரம் உட்கார்ந்து முடிச்சிருவேன்" என்பவர்கள் நூறாம் பக்கத்தில் நிற்பார்கள், ஏனென்றால் பெரும்பாலான நாவல்கள் ஆள்களை அறிமுகப்படுத்தி முடிப்பது அங்கேதான். தொய்வு அந்த இடத்தில் வரும் என்று முன்பே தெரிந்தால் தாண்டிவிடலாம்.

இரண்டாம் வாரக் கடைசியில் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: இதுவரை எந்தப் பாத்திரத்தை நம்பவில்லை? கருத்துரை வேண்டாம், ஒரு வரி போதும். அதை எழுத வேண்டுமே என்பதற்காகவாவது பாதி தூரம் வந்துவிடுவார்கள்.

ஐந்துரோடு

எண்ணி முடிச்சாச்சு. பன்னிரண்டு பேரும் அனுப்பிட்டாங்க.

எரியும் பனிக்காடு 10
கரைந்த நிழல்கள் 9
கூளமாதாரி 7
பஞ்சும் பசியும் 5
குறிஞ்சித்தேன் 3 (வேண்டாம்னு சொல்லியும் குறிச்சிருக்காங்க)

ஆளுக்கு ஒரு ஓட்டு வச்சிருந்தா எது வந்திருக்கும்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன். 'கரைந்த நிழல்கள்' மார்கழிக்கு. அது கீழ, சேலத்துலயே.

குகைவாசி

மார்கழியா, சரி. வளைவுக்குக் கீழயே நின்னு பேசலாம்.

ஒண்டிக்கடை

அப்ப நடத்துறது எப்படின்னு சொல்லிடறேன், நான் முன்னாடி எழுப்பின விஷயம் இருக்கே.

"பிடிச்சுதா?"ன்னு ஆரம்பிக்காதீங்க. பன்னிரண்டு பேரும் "அருமை"ம்பாங்க, பத்து நிமிஷத்துல வண்டி நின்னுரும். முதல் சுத்துல ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கட்டும், விளக்கம் இல்லாம. அதுலயே யார் எந்த இடத்துல நின்னாங்கன்னு தெரிஞ்சிரும்.

அடுத்து முன்பணக் கணக்கு. நாவல்ல மேஸ்திரி கொடுக்கிற தொகை, கூலி, பிடித்தம், தோட்டக் கடைக் கடன், மேஸ்திரிக்குப் போற பங்கு, எல்லாத்தையும் படிக்கும்போதே ஒரு தாள்ல குறிச்சுட்டு வரச் சொல்லுங்க. கூட்டத்துல ஒரு சார்ட் பேப்பர்ல ரெண்டு பத்தியா எழுதுவோம்: வரவு ஒரு பக்கம், பிடித்தம் ஒரு பக்கம். கடன் ஏன் அடையலைங்கிறதை எண்ணே சொல்லிரும். எஸ்டேட் வீட்டுக்காரரும் லைன் வீட்டுக்காரரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசுவாங்க, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துப் பேச வேண்டி வராது. அதுக்கு அப்புறம் மேஸ்திரி கேள்வி. டாக்டர் ஆபிரகாம் கேள்வி கடைசி.

யாரும் யாரையும் பார்த்து "உங்க வீட்டுல எப்படி?"ன்னு கேக்கக்கூடாது. அவங்களா சொன்னா கேட்டுக்கலாம். இதை நடத்துறவர் முதல்லயே வாய்விட்டுச் சொல்லணும்.

மிளகுக்கொடி

ஒத்துக்கிறேன். நான் பரிந்துரைச்சதால நடத்த மாட்டேன். டீச்சர் நடத்தட்டும்.

மேல வர்றவங்களுக்கு: காலையில எட்டு மணிக்குள்ள அடிவாரம் தாண்டிருங்க. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மேல சுற்றுலா வண்டி வரிசை கட்டும், இருபது கொண்டை ஊசி வளைவுலயும் பஸ் பஸ்ஸா நிக்கும். வளைவுல தலை சுத்துறவங்க முன் சீட்டு, வர்ற வழியில புத்தகம் திறக்க வேண்டாம். சாயங்காலம் பனி இறங்கறதுக்கு முன்னாடி கீழ போயிரணும், அதனால பேச்சு பத்தரைக்கு ஆரம்பம், ஒரு மணிக்குச் சாப்பாடு, சாப்பிட்ட பிறகு புத்தகம் பேசக்கூடாது. பேசினா தூங்கிருவாங்க.

தமிழாசிரியை

நடத்துகிறேன். கேள்விகள் ஐந்து, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அனுப்புவேன். அதற்குமுன் கேட்காதீர்கள், கேள்வியைப் பார்த்துவிட்டு அந்த அத்தியாயத்தை மட்டும் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பழையபுத்தகம்

பன்னிரண்டு பிரதிக்கு நான் எழுதறேன். பணத்தை வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுருங்க, கழிவு போக மிச்சத்தைப் பஸ் செலவுல கழிச்சிக்கலாம். ஏற்கெனவே பழைய பதிப்பு வச்சிருக்கிறவங்க சொல்லுங்க, அந்த எண்ணிக்கையைக் குறைச்சுப் போடறேன்.

தறிநாடா

என்கிட்ட இருக்கு. ஆனா ஓரமெல்லாம் என் மாமனார் பேனாவுல சண்டை போட்டு வச்சிருக்கார். எனக்கும் ஒண்ணு சேர்த்துப் போடுங்க.